காற்று கொண்டுபோன பந்துக்கு எத்தனை பேஸ், வதனி?

சண்டை போட்டுப் போட்டே எனக்கு உறவாகிப்போன வதனிக்கு,

பேஸ்பால் சீசன் முடிந்துவிட்டது. இறுதி ஆட்டத்தில் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் அம்பயராக நின்றது நான்தான். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று கை பரபரத்தது. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. உன்னிடம் இனி எப்படி நலம் விசாரிப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.

துபாயில் நம் கராமாவில் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. நாம் உட்காரும் ஹோட்டலில் மேசைகளைச் சின்னதாக்கிவிட்டார்கள். இரண்டு பேர் முழங்கை ஊன்றிச் சண்டை போட இடம் போதாது. உன் பிளாட்டில் ஒரு மலையாளிக் குடும்பம் வந்திருக்கிறது, பால்கனியில் கைக்குழந்தையின் சட்டைகள் காய்கின்றன. மெட்ரோவுக்குப் போகும்போது தினமும் நிமிர்ந்து பார்க்கிறேன். ஒருநாள் பார்க்க மறந்துவிட்டால் அது நல்லதா, கெட்டதா?

வெயில்காலத்து லீவுக்கு யாழ்ப்பாணம் போனவள் நீ. "கெதியா வந்திடுவன் மச்சாள், சீசன் தொடங்கமுதல் நிப்பன்" என்று ஏர்போர்ட்டில் சொன்னாய். அங்கே உன் இதயம் நின்றுபோன செய்தி எனக்கு ஆபீஸில் வந்தது. லீவு கேட்டேன். எச்.ஆர். பெண் நல்லவள்தான், "உங்களுக்கு அவங்க என்ன உறவு?" என்று மெதுவாகக் கேட்டாள். தாய், தகப்பன், கணவன், பிள்ளை, உடன்பிறப்பு. கம்பெனி விதியில் அவ்வளவுதான் இருந்தது. நீ எதிலும் வரவில்லை. நான் என் மேசைக்குத் திரும்பிப்போய் ஷிப்பிங் பேப்பர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள், வதனி. அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

துபாய் ஓரத்தில் ஒரு மண் மைதானத்தில் வார இறுதிகளில் பேஸ்பால் ஆடுவார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள், பாகிஸ்தானிகள், ஜப்பானியர்கள், இரண்டு மூன்று அமெரிக்கர்கள். அங்கே அம்பயராக நிற்க மட்டும் ஆள் கிடைப்பதில்லை. பிலிப்பைன்ஸ்காரர் நின்றால் பாகிஸ்தானிகள் நம்பமாட்டார்கள், பாகிஸ்தானி நின்றால் மற்ற எல்லாரும். அப்போதுதான் அவர்கள் கண்ணில் நாம் பட்டோம். நான் திருநெல்வேலியில் காலேஜ் சாப்ட்பால் அணியில் ஆடியவள். நீ யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்காக எல்லே என்கிற இலங்கை மட்டைப்பந்து ஆடியவள். அதைவிட முக்கியமான தகுதி ஒன்று நமக்கு இருந்தது. எந்த அணியிலும் ஒரு தமிழர்கூட இல்லை.

"எல்லேக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இதில சட்டம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றாய் முதல் நாள். சட்டம் கொஞ்சம் அல்ல, நிறையக் கூட என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது.

அடித்தவர் களத்தின் மூன்று மூலைகளில் கிடக்கும் மெத்தைகளான மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடமான ஹோமுக்கு வந்தால் ஓர் ஓட்டம். இது எல்லாருக்கும் புரியும். ஆனால் பந்து களத்தை விட்டு வெளியே போய்விட்டால்? யாராவது குறுக்கே வந்துவிட்டால்? ஓடிக்கொண்டிருப்பவருக்கு எத்தனை பேஸ் சும்மா கொடுப்பது என்று அம்பயர் சொல்ல வேண்டும். களத்தில் இருப்பவர் எறிந்த பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டினால் இரண்டு பேஸ். அதுவும், பந்து கையை விட்ட கணத்தில் ஓடுபவர் எங்கே இருந்தாரோ அங்கிருந்து. கிரிக்கெட்டில் ஓவர்த்ரோ பவுண்டரிக்குப் போனால், எறிந்த கணத்தில் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தார்களா என்று பார்ப்பார்களே, ஏறக்குறைய அதே கணக்கு.

புத்தகத்தில் இருப்பதை எல்லாம் இருவரும் மனப்பாடம் செய்துவிட்டோம். நம் சண்டை எல்லாம் புத்தகத்தில் இல்லாததற்குத்தான். அந்த மைதானத்தில் தண்ணீர் லாரி நிற்கும், பூனைகள் திரியும், மண் பறக்கும். புத்தகம் எழுதியவர்கள் அங்கே வந்து பார்த்ததில்லை.

பூனை பந்தைக் கவ்விக்கொண்டு லாரிக்கு அடியில் ஓடிய நாள் நினைவிருக்கிறதா? ஆட்டம் முடிந்து ஹோட்டலில் சாம்பார்க் கிண்ணங்களைப் பேஸ்களாக வைத்துச் சண்டை போட்டோம்.

"சாம்பாரைத் தள்ளாத மச்சாள். அது செகண்ட் பேஸ்."

"ஏட்டி, பசிக்கு எனக்கு. பேஸைத் தின்னுட்டு அப்புறம் பேசுவோம்."

"முதல்ல கேள். அந்தப் பூனை வரேல்லை எண்டு நினை. வராட்டி ஓடினவன் எங்க நிண்டிருப்பான்? அங்க கொண்டுபோய் விடு. எங்கட வேலை அவ்வளவுதான்."

"வந்துட்டுல்லா? வந்த பூனையை எப்படி வரலேன்னு நினைக்கது?"

"அம்பயருக்கு ஏலும். மற்ற ஆக்களுக்குத்தான் ஏலாது."

அதை நான் ஒப்புக்கொண்டேன். நான் ஒப்புக்கொள்ளாதது அடுத்ததை. எங்கே நின்றிருப்பான் என்று சந்தேகம் வந்தால் என்ன செய்வது? குறைத்துக் கொடு, கண்ணால் கண்டதை மட்டும் கொடு என்பது உன் கட்சி. மோசமாக எறிந்தவனுக்குச் சந்தேகத்தில் எதற்கு லாபம் என்பது என் கட்சி. "உனக்கு விசர். அம்பயர் தண்டிக்கிற ஆள் இல்லை" என்பாய். ஹோட்டல்காரர் வந்து, "அக்கா, செகண்ட் பேஸ் ஆறிப்போச்சு, சூடா வேற கொண்டு வரட்டுமா?" என்று கேட்கும்வரை அது முடியாது.

நீ போன பிறகு கமிட்டி கூடியது. ஜப்பானியத் தலைவர் இகேதா சான் எழுந்து நின்று உனக்காகத் தலை குனிந்தார். பிறகு மிக மரியாதையாக, ஒருத்தியாக எனக்குச் சிரமம் என்றார். வெளியிலிருந்து அனுபவமுள்ள அம்பயர்களைக் கூட்டி வரலாம், இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் இருந்தால் நல்லது என்றார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்வையில் நாம் இருவரும் சேர்ந்துதான் ஓர் அம்பயர். பாதி போய்விட்டது, மீதிப் பாதியை வைத்து என்ன செய்வது?

சீசன் முழுவதும் நான் நிற்கிறேன், இறுதி ஆட்டத்துக்கும் நானே நிற்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. நெடுநேரம் பேசிவிட்டு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். இறுதி ஆட்டத்தில் என் தீர்ப்பின்மேல் முறையீடு வந்து, அது சரியென்று ஆகிவிட்டால், அடுத்த சீசன் முதல் வெளி ஆட்கள். அதாவது நாம் இருவரும் சேர்ந்து சம்பாதித்த இடம் போய்விடும்.

எனக்கு ஜோடியாக செல்வராஜ் வந்தான். உனக்குத் தெரியும் அவனை. ராமநாதபுரத்துப் பையன், ருவைஸில் பிளான்ட்டில் டெக்னீஷியன். ஆஃப் கிடைக்கும் வாரமெல்லாம் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து, நீ நிற்கும் இடத்தில் நின்றான். முதல் ஆட்டத்தில், "அக்கா, வதனி அக்கா மாதிரி எல்லாம் எனக்குக் கத்த வராது" என்றான். கத்துகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இப்போது இறுதி ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஷஃபீக் அணிக்கும் ரோமெல் அணிக்கும் ஆட்டம். அல் கூஸ் கிடங்குகளில் வேலை செய்யும் பாகிஸ்தானிகள் ஒரு பக்கம், ஹோட்டல்களில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர்கள் இன்னொரு பக்கம். காலையிலிருந்தே வடக்குக் காற்று. கயிற்றுக்கு அப்பால் குடும்பங்கள் பாய் விரித்து, சின்னச் சின்னக் கூடாரங்கள் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முகக்கவசத்துக்குள்ளும் மண் வந்து பல்லில் நறநறத்தது. நீ இருந்திருந்தால் ஒவ்வொரு இன்னிங்ஸ் இடைவேளையிலும் துப்பியிருப்பாய். நான் விழுங்கினேன்.

கடைசி இன்னிங்ஸ். ரோமெல் அணி ஓர் ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட், இன்னும் ஓர் அவுட் விழுந்தால் கோப்பை ஷஃபீக்குக்கு. முதல் பேஸில் டானி என்கிற ஓட்டக்காரன். அடிக்க வந்தது கேப்டன் ரோமெல்.

ரோமெல் நடுவாக்கில் அடித்தான். டானி இரண்டாவது பேஸைத் தொட்டுவிட்டு மூன்றாவதுக்கு ஓடினான். தூரத்தில் நின்ற ஷஃபீக் பந்தை எடுத்து மூன்றாவது பேஸுக்கு எறிந்தான். நீ இருந்திருந்தால் அங்கேயே தலையில் கை வைத்திருப்பாய். பேஸில் நிற்பவன் கையுறையைப் பார்த்து எறிய வேண்டும் என்று இந்த ஆட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஷஃபீக் சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் ஆடியவன். ஸ்டம்பைக் குறிபார்ப்பதுபோல நேரே பேஸைக் குறிபார்த்து எறிந்தான். குறி தப்பவும் இல்லை. பந்து பேஸின் விளிம்பில் பட்டு, பக்கவாட்டில் தெறித்து, கயிற்றை நோக்கி உருண்டது.

மண்ணில் பந்து வேகம் இழந்துகொண்டே போனது. ஷஃபீக் அணியில் பந்து வீசும் பிட்சர் பிலால் பின்னாலேயே ஓடினான். டானி சறுக்கி மூன்றாவது பேஸைத் தொட்டுவிட்டான். ரோமெல் முதல் பேஸைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். பிலால் குனிந்து கையை நீட்டினான்.

அப்போது கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு நீலக் கூடாரம் எழும்பியது. ஆணிகளோடு பிடுங்கிக்கொண்டு, உள்ளே இருந்த தலையணை, பிஸ்கட் டப்பா எல்லாவற்றையும் உதறியபடி களத்துக்குள் புரண்டு வந்தது. பிலாலின் கைக்கும் பந்துக்கும் நடுவில் விழுந்து, பந்தை வாரி உள்ளே போட்டுக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றைத் தாண்டித் தண்ணீர் லாரிப் பக்கம் போய்விட்டது.

பந்தைக் கூடாரம் விழுங்கிய கணத்தில் நான் இரண்டு கைகளையும் தூக்கி "டைம்" என்று கத்தினேன். மைதானமே சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் கூடாரத்தின் பின்னால் ஓடினார்கள். நான் ஓடவில்லை. அது எங்கே போனால் எனக்கென்ன? டானியைப் பார்த்தேன், ரோமெலைப் பார்த்தேன், பிலாலைப் பார்த்தேன். மூன்று பேரையும் அந்த இடத்திலேயே கண்ணுக்குள் ஆணி அடித்து வைத்துக்கொண்டேன்.

பிறகு சிரிப்பு நின்று கூச்சல் தொடங்கியது.

"மேம், பந்து கயிற்றுக்கு வெளியே," என்று ரோமெல் வந்தான். "டூ பேசஸ். எறிஞ்சப்ப டானி செகண்டைத் தாண்டிட்டான், அவனுக்கு ஹோம். எனக்கு தேர்ட்." அப்படிக் கொடுத்தால் அங்கேயே ஆட்டம் சமன்.

"மேடம், டென்ட் கிஸ்கா ஹை?" என்று ஷஃபீக் கேட்டான். கூடாரம் யாருடையது என்பது அவன் கேள்வி. ரோமெலின் மச்சினன் குடும்பத்துடையது. "உன்கா ஆத்மி, உன்கா டென்ட். இன்டர்ஃபியரன்ஸ். அவுட் தீஜியே." அவர்கள் ஆள் குறுக்கிட்டதாக அவுட் கொடுக்கச் சொன்னான். அப்படிக் கொடுத்தால் அங்கேயே ஆட்டம் முடிந்தது, கோப்பை அவனுக்கு.

இருவர் பின்னாலும் இரண்டு அணிகள். புத்தகம் என் தலைக்குள் பக்கம் பக்கமாகப் புரண்டது. பார்வையாளர் பந்தைத் தொட்டால் என்ன என்று இருக்கிறது. பந்து வெளியே போனால் என்ன என்று இருக்கிறது. காற்று ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று இல்லை. ஒன்று மட்டும் இருக்கிறது. இங்கே சொல்லப்படாத எதையும் அம்பயரே தீர்மானிக்கலாம் என்று அந்தப் புத்தகமே ஒப்புக்கொள்கிறது. அந்த விதியை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அது இவ்வளவு தனிமையான விதி என்று அன்றுதான் தெரிந்தது.

செல்வராஜைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டானி தேர்டைத் தொட்டது கூடாரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிக்கா. தொட்டு எந்திரிச்சிட்டான்."

"ஹோமுக்குக் கிளம்புனானா?"

"இல்லக்கா. பிலாலு பக்கத்துலயே நின்னான்ல, எப்படிக் கிளம்புவான்?"

"ரோமெல்?"

"ஃபர்ஸ்டைத் தாண்டி வந்துக்கிட்டிருந்தான். பாதிக்கு முன்னாடிதான். அதுக்குள்ள நான் டென்ட்டைப் பாத்துட்டேன்க்கா. மன்னிச்சுக்கங்க."

பின்னாலிருந்து ஷஃபீக், "மேடம், தமிழ் நஹி. இங்கிலீஷ்" என்றான்.

"தீர்ப்பு இங்கிலீஷ்ல வரும் பாய். யோசனை தமிழ்லதான் வரும்," என்றேன். அதைச் செல்வராஜ் இந்தியில் சொன்னதும் அவன் அணியிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

டானி விஷயத்தில் எனக்குக் குழப்பமில்லை. கூடாரம் வரவில்லை என்று வைத்தால் பிலால் பந்தை எடுத்திருப்பான், டானி மூன்றாவதில் நின்றிருப்பான். ஓட்டமும் இல்லை, அவுட்டும் இல்லை. கேள்வி ரோமெலைப் பற்றித்தான். முதல் பேஸா, இரண்டாவது பேஸா?

உன் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது, வதனி. "பாதிகூட வரேல்லை. கண்டதை மட்டும் குடு. முதலாவது பேஸ்." சீசன் முழுவதும் எனக்கு அந்தக் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தீர்ப்புக்கு முன்னும் நீ என்ன சொல்வாய் என்று கேட்டுவிட்டுத்தான் கையைத் தூக்கினேன். என் பழைய கட்சியும் பக்கத்தில் நின்று பேசியது. மோசமாக எறிந்தது ஷஃபீக், அவன் அனுபவிக்கட்டும் என்றது.

இரண்டு குரலையும் ஒதுக்கிவிட்டு நான் பார்த்ததைத் திரும்பப் பார்த்தேன். பிலால் குனிந்திருந்தான். கயிற்றைப் பார்த்துக் குனிந்திருந்தான். அவன் முதுகு முழுக்க இரண்டாவது பேஸின் பக்கம் இருந்தது. அவன் எடுத்து, நிமிர்ந்து, முழு உடம்பையும் திருப்பி, பக்கத்தில் நிற்கும் டானி ஓடுகிறானா என்று ஒரு பார்வை பார்த்து, அதற்குப் பிறகுதான் அவ்வளவு தூரம் எறிய முடியும். ரோமெல் ஓடிய ஓட்டத்துக்கு அதற்குள் இரண்டாவது பேஸில் நின்றிருப்பான். இதில் சந்தேகமே இல்லை. நீ இருந்திருந்தால் முதல் பேஸ் பக்கத்தில் நின்று ரோமெலைப் பார்த்துக்கொண்டிருப்பாய், அந்த முதுகைக் கவனித்திருக்கமாட்டாய். நான் நின்ற இடத்திலிருந்து அது தெரிந்தது.

"யாரும் அவுட் இல்லை. ஓட்டமும் இல்லை," என்றேன். "டானி தேர்ட் பேஸ். ரோமெல் செகண்ட் பேஸ். யல்லா, பிளே."

இரண்டு அணியும் என்மேல் பாய்ந்தது. நான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு பிளேட்டுக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்றுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களும் அவரவர் இடத்துக்குப் போனார்கள்.

அடுத்து வந்தவன் இரண்டாவது பந்தையே களத்தில் பந்து பிடிக்க நின்ற இருவருக்கு நடுவில் தட்டிவிட்டான். டானி ஹோமுக்கு வந்தான், ஆட்டம் சமன். பின்னாலேயே ரோமெல் வந்தான். முதல் பேஸிலிருந்து ஓடியிருந்தால் வந்திருக்க முடியாது. இரண்டாவதிலிருந்து ஓடியதால் வந்தான். நான் கொடுத்த அந்த ஒரு பேஸ்தான் கோப்பை என்பது மைதானத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும்.

ஷஃபீக் நேரே இகேதா சானிடம் போய், "புரோட்டஸ்ட்" என்றான்.

கமிட்டி மேசையைச் சுற்றி இரண்டு அணியும் நின்றது. ரோமெல் முதல் பேஸுக்குப் பக்கத்திலேயேதான் இருந்தான், படம் காட்டுகிறேன் என்றான் ஷஃபீக். எல்லார் கையிலும் போன் இருந்ததே. ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்த்தான். முதல் போனில் நீலக் கூடாரம் பறந்தது. இரண்டாவதிலும் கூடாரம். அடுத்ததில் கூடாரமும் சிரிப்புச் சத்தமும். அவன் தம்பி எடுத்ததில் பிஸ்கட் டப்பா உருளுவதுகூட அழகாக வந்திருந்தது. ஒன்றில்கூட ரோமெல் இல்லை, டானி இல்லை, பிலால் இல்லை. அத்தனை கண்ணும் காற்றோடு போயிருந்தது.

ஷஃபீக் போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். கோபம் குறைந்திருந்தது.

"மேடம், எந்த ரூல்ல செகண்ட் குடுத்தீங்க?" என்று இந்தியில் கேட்டான்.

"இதுக்கு ரூல் இல்லை பாய். அதனாலதான் நான் குடுத்தேன்."

"நீங்க என்ன பாத்தீங்க?"

சொன்னேன். பிலாலின் இடது முழங்கால் மண்ணில் இருந்தது, வலது கை தரையில், முகம் கயிற்றின் பக்கம், முதுகு இரண்டாவது பேஸின் பக்கம். அப்போது ரோமெல் தலையைக் குனிந்துகொண்டு முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான், டானி பேஸின்மேல் நின்று பேண்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தான். இகேதா சான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

ஷஃபீக் தன் பிட்சர் பக்கம் திரும்பி உண்மையைச் சொல்லச் சொன்னான். "பிலால், சச் போல்."

பிலால் தன் கேப்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். தன் முழங்காலைப் பார்த்தான், இடது காலில் மண் அப்பியிருந்தது. "ஹான் பாய். அப்படித்தான் இருந்தேன். ரோமெலை நான் பாக்கவே இல்லை" என்றான்.

"எடுத்திருந்தா அவனை அவுட் ஆக்கியிருப்பியா?"

"டானியைத்தான் பாத்திருப்பேன் பாய்."

ஷஃபீக் தொப்பியைக் கழற்றினான். "கலாஸ். புரோட்டஸ்ட் மாஃபி, மேடம்," என்றான். முறையீடு கிடையாது. ரோமெல் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, போகிற போக்கில், "த்ரோ தோ மேரா ஹி தா" என்றான். எறிந்தது நான்தானே.

இகேதா சான் அங்கேயே மற்ற இருவரிடமும் இரண்டு வார்த்தை பேசினார். வெளி அம்பயர்கள் தேவையில்லை என்றார். அடுத்த சீசன் முதல் இந்த லீக்கின் தலைமை அம்பயர் நான், எனக்குக் கீழே புதியவர்களை நானே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றார். உனக்காகக் குனிந்த அதே ஆழத்துக்கு எனக்காகவும் குனிந்தார். நானும் குனிந்தேன். நிமிரும்போது நான் யாருடைய பாதியாகவும் எனக்குத் தோன்றவில்லை, வதனி. இதைச் சொன்னால் நீ கோபித்துக்கொள்வாயா? கோபிக்கமாட்டாய். "இப்பத்தானே விளங்கினது உனக்கு" என்பாய்.

வண்டிக்கு நடக்கும்போது செல்வராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. வதனி அக்கா இருந்தா ரோமெலுக்கு ஃபர்ஸ்டுதானே குடுத்திருப்பாங்க?"

"ஆமா. தப்பாக் குடுத்திருப்பா."

அவன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். நீ போன பிறகு உன் பெயரைச் சொல்லி நான் சிரித்தது அன்றுதான். மண்ணும் வியர்வையுமாக இரண்டு பேரும் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நம் வழக்குகளில் உன்னை எதிர்த்து நான் ஐயமில்லாமல் ஜெயித்தது இதுதான். எதிர்த்து வாதாட நீ இல்லாததில்தான் நியாயம் இல்லை.

நீ எனக்குக் கொடுத்த பெரிய பொருள் எது என்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டம் அல்ல, அது கடையில் கிடைக்கிறது. ஒரு விஷயத்தை முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகும் அந்த இடத்திலேயே நிற்கலாம் என்பதை உன்னோடு சண்டை போட்டுத்தான் பழகினேன். நீ விட்டுக்கொடுத்திருந்தால் எனக்கு அது வந்திருக்காது.

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த சீசனில் நான் நிச்சயம் எங்காவது தவறாகத் தீர்ப்புச் சொல்வேன். மண் கண்ணில் விழுந்த நாளிலோ, ஒரு கணம் அசந்த நாளிலோ அது நடக்கும். அன்றைக்கு, வதனி இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். உன் பின்னால் ஒளிந்துகொள்ளமாட்டேன். என் சரிகளைப் போலவே என் தவறுகளுக்கும் நானே சொந்தக்காரி. இரண்டையும் மறைக்காமல் உனக்கு எழுதுவேன், நீ அங்கிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அம்பயர், கராமா,
உன் மச்சாள் கோமதி